யார் முந்திப் போவது?

தந்தி ஆபீஸ் ஜன்னலில் நின்று தந்தி கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தக் கேள்வி ஞாபகம் இருக்கும். குமாஸ்தா படிவத்தை வாங்கி, வார்த்தைகளைப் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். எண்ணி முடித்ததும், தலையை நிமிர்த்தாமலேயே கேட்பார்: "ஆர்டினரியா, எக்ஸ்பிரஸா?"

கல்யாணத்துக்கு வாழ்த்து அனுப்ப வந்தவர், "ஆர்டினரியே போதும்" என்பார். தகப்பனாருக்கு மூச்சு இழுக்கிறது என்று பட்டணத்துப் பிள்ளைக்குச் செய்தி சொல்ல வந்தவர் சட்டைப் பையைத் துழாவுவார். கூடுதல் கட்டணம் கொடுத்தால் செய்தி முந்திப் போகும். கையில் காசு இல்லாவிட்டால் மரணப் படுக்கையும் ஆர்டினரியாகத்தான் போக வேண்டும். கம்பி என்னவோ ஒன்றுதான். அதில் யார் முந்துவது என்பதைச் சட்டைப் பை தீர்மானித்தது.

2013ஆம் வருஷம் ஜூலை மாதம் 14ஆம் தேதியோடு நம் நாட்டில் தந்தி முடிந்தது. ஜன்னல்களை மூடிவிட்டார்கள். குமாஸ்தாவின் கேள்வியை மட்டும் மூட முடியவில்லை. அது இப்போது நம் வீட்டுக் கூடத்தில், அலமாரியின் மேல் தட்டில், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குள் குடியேறிவிட்டது. ரௌட்டர் என்று அதற்குப் பெயர். உள் அறையில் பேரன் சினிமாப் பார்க்கிறான். மருமகள் ஆபீஸ் காகிதங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். கூடத்தில் பாட்டி, கடல் கடந்து போன மகனோடு முகம் பார்த்துப் பேசுகிறாள். எல்லாருடைய செய்தியும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போய் வர வேண்டும். திடீரென்று மகனுடைய குரல் அறுந்து அறுந்து விழுகிறது. "என்னடா சொன்னே? ஒண்ணும் கேக்கலையே!" என்று பாட்டி கத்துகிறாள். அந்தச் சமயத்தில் பெட்டி சினிமாவையும் காகிதங்களையும் முந்த விட்டுவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

பெரிய ஆபீஸ்களில் இந்தப் பெட்டிக்கு இரண்டு மூன்று லைன்கள் கூட வந்து சேரும். அப்போது அதற்குத் தலைவலியும் இரண்டு. யாரை முதலில் விடுவது என்பது ஒன்று. எந்த வழியாக விடுவது என்பது மற்றொன்று. இந்த இரண்டு கேள்விகளுக்கும் மனிதர்கள் சொல்லிப் பார்த்த பதில்களின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். யந்திரங்களின் கதைதான். ஆனால் போகப் போக அதில் யந்திரத்தைவிட மனிதர்களே அதிகம் தென்படுவார்கள்.

*

டெலிபோன் பேசுவது என்றால், பேசுகிற இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பாதையை ஒதுக்கிவிடுவது என்று அர்த்தம். அவர்கள் பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் அந்தப் பாதையில் வேறு யாரும் போக முடியாது. ரெயிலில் ஒரு பெட்டியையே 'ரிசர்வ்' செய்துகொண்டு ஒற்றை ஆள் பிரயாணம் செய்கிற மாதிரி.

இது வீண் என்று 1960களில் இரண்டு பேருக்குத் தோன்றிற்று. ஒருவர் அமெரிக்காவில் ராண்ட் ஸ்தாபனத்தில் இருந்த பால் பாரன். மற்றவர் இங்கிலாந்தில் தேசியப் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த டொனால்ட் டேவிஸ். ஒருவர் நினைத்தது மற்றவருக்குத் தெரியாது. நீளமான கடிதம் ஒன்றைப் பல தபால் கார்டுகளில் எழுதி, ஒவ்வொன்றிலும் விலாசமும் வரிசை எண்ணும் போட்டுத் தனித்தனியே பெட்டியில் போட்டால் என்ன? கார்டுகள் எந்த வழியாகப் போனாலும் போய்ச் சேருகிற இடத்தில் எண் வரிசைப்படி அடுக்கிப் படித்துக்கொள்ளலாம் அல்லவா? இந்தக் கார்டுகளுக்கு 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் டேவிஸ். நாம் பொட்டலம் என்றே சொல்லிக்கொள்வோம்.

பொட்டலங்கள் வந்து சேருகிற ஒவ்வொரு சந்தியிலும் ஒரு யந்திரம் நிற்கும். விலாசத்தைப் பார்த்து, இன்ன லைனில் போ என்று தள்ளிவிடும். லைன் காலியாக இல்லாவிட்டால் பொட்டலம் அங்கேயே கியூவில் நிற்க வேண்டியதுதான். கியூ என்று ஒன்று வந்துவிட்டால், "நான் அவசரமாகப் போக வேண்டும்" என்று சொல்கிறவனும் வந்துவிடுவான். பாரன் இதை முதலிலேயே எதிர்பார்த்தார். அணுகுண்டு விழுந்த பிறகும் வேலை செய்யக்கூடிய செய்திப் பின்னலைப் பற்றி அவர் 1964இல் வெளியிட்ட அறிக்கை 11 தொகுதிகள் கொண்டது. அதில் நான்காவது தொகுதி முழுவதும் யாருக்கு முதலிடம், சுமை மிஞ்சினால் என்ன செய்வது என்பதைப் பற்றியதே. வலை இன்னும் பிறக்கவேயில்லை. பந்தி போடுவதற்கு முன்பே முதல் பந்தியில் யார் உட்காருவது என்ற யோசனை பிறந்துவிட்டது!

*

அடுத்த வருஷம், 1965இல், லியோனார்ட் கிளைன்ராக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கியூவைப் பற்றி ஒரு கணித விதியை வெளியிட்டார். சூத்திரங்களைக் கண்டால் எனக்கும் பயம்தான். ஆனால் இந்த விதியின் சாரத்தை ஒரு பலசரக்குக் கடையிலேயே பார்த்துவிடலாம்.

கடைக்காரர் ஒருவர்தான். இரண்டு பேர் ஒரே சமயத்தில் வருகிறார்கள். ஒருவர் மாதச் சாமான் ஜாபிதாவோடு வந்தவர். அவருக்கு நிறுத்துக் கட்டிக் கொடுக்க 30 நிமிஷம் ஆகும். மற்றவன் தீப்பெட்டி வாங்க வந்த பையன். அவனுக்கு 1 நிமிஷம் போதும். பெரியவரை முதலில் கவனித்தால் பையன் 30 நிமிஷம் நிற்க வேண்டும். பையனை முதலில் அனுப்பினால் பெரியவர் 1 நிமிஷம் நிற்க வேண்டும். இப்போது ஒவ்வொருவரும் நின்ற நேரத்தை அவரவர் வேலையின் அளவால் பெருக்கிப் பாருங்கள். முதல் ஏற்பாட்டில், பையனின் வேலை 1, நின்றது 30; பெருக்கினால் 30. இரண்டாவது ஏற்பாட்டில், பெரியவரின் வேலை 30, நின்றது 1. பெருக்கினால் அதே 30!

இதுதான் கிளைன்ராக்கின் விதி. கடைக்காரர் கை ஓயாமல் வேலை செய்கிறவரையில், வரிசையை எப்படி மாற்றினாலும் இந்தக் கூட்டுத் தொகை மாறாது. ஒருவரைச் சீக்கிரம் அனுப்பினால் அந்தத் தாமதம் காற்றில் கரைந்து போவதில்லை. இன்னொருவர் தலையில் போய் உட்காருகிறது. முதலிடம் கொடுப்பதால் கம்பி அகலமாகிவிடாது.

ஆனால் விதிக்குள் ஒரு சலுகையும் ஒளிந்திருக்கிறது. பையனை முந்த விட்டால் பெரியவருக்கு நஷ்டம் ஒரே ஒரு நிமிஷம். பையனுக்கு லாபம் அரை மணி. சிறியவர்களை முதலில் விட்டால் பெரியவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பெரியவர்களை முதலில் விட்டால் சிறியவர்கள் கால் கடுக்க நிற்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவு வரைக்கும் இது நம்மோடு வரும்.

*

1969ஆம் வருஷம் அக்டோபர் 29ஆம் தேதி இரவு, கிளைன்ராக்கின் கம்ப்யூட்டர் கூடத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி போயிற்று. 'லாகின்' என்று அடிக்க ஆரம்பித்து, இரண்டு எழுத்துப் போனதும் அங்கே இருந்த கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இப்படித் தொடங்கியதுதான் ஆர்ப்பாநெட். அமெரிக்க ராணுவ இலாகாவின் பணம்; சந்திகளில் நின்ற யந்திரங்களுக்கு 'இம்ப்' என்று பெயர். அந்த முதல் யந்திரங்களிலேயே, பொட்டலத்தின் தலைப்பில் 'முன்னுரிமை' என்று குறிக்க ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

இம்ப் ஒவ்வொன்றுக்கும் பல லைன்கள் உண்டு. ஆகவே வழி எது என்ற இரண்டாவது கேள்வியும் அன்றைக்கே வந்துவிட்டது. 1979இல் அதற்கு ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு யந்திரமும் தன் லைன்களில் பொட்டலங்கள் எவ்வளவு தாமதப்படுகின்றன என்று 10 நொடிக்கு ஒரு முறை சராசரி பார்க்கும். கணிசமான மாறுதல் இருந்தால் எல்லா யந்திரங்களுக்கும் தெரிவிக்கும். எல்லாரும் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, தாமதம் குறைந்த வழியில் பொட்டலங்களை அனுப்புவார்கள். இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா?

கூட்டம் குறைவாக இருந்தவரையில் அருமையாகத்தான் நடந்தது. கூட்டம் ஏறியதும் விபரீதம் ஆரம்பித்தது. கிழக்குப் பிரதேசத்துக்கும் மேற்குப் பிரதேசத்துக்கும் நடுவே இரண்டு லைன்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் லைனில் நெரிசல், இரண்டாவது காலி என்ற செய்தி பரவும். உடனே எல்லா யந்திரங்களும் ஒரே மனதாக இரண்டாவது லைனுக்குத் திரும்பும். இரண்டாவது திணறும்; முதலாவது காற்று வாங்கும். அடுத்த செய்தி பரவும். மறுபடியும் எல்லாரும் முதல் லைனுக்கு! தேர்த் திருவிழாவில், "அந்தப் பக்கம் கூட்டமே இல்லை" என்று ஒருவர் சொல்ல, ஜனங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுகிற கதைதான். இரண்டு பாதைகள் இருந்தும் ஒரு சமயத்தில் ஒன்றுதான் பயன்பட்டது.

1987 ஜூலையில் இதைத் திருத்தினார்கள். திருத்தம் மிகவும் எளிது. லைனில் நெரிசல் என்று தெரிந்தாலும், அதன் மதிப்பை ஒரேயடியாக மாற்றக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றலாம். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. இதனால் சில பொட்டலங்கள் திரும்பும், சில இருந்த இடத்திலேயே இருக்கும். செய்தியைக் கேட்டவுடன் ஓடாமல் சற்று நிதானிக்கும்படி யந்திரத்துக்குக் கற்றுக் கொடுத்தார்கள். மனிதர்களுக்கு இதைக் கற்றுக் கொடுக்க இன்னும் யாராலும் முடியவில்லை.

*

இதற்கிடையில் 1981 செப்டம்பரில், இன்றைக்கும் நாம் உபயோகிக்கிற இன்டர்நெட் பொட்டலத்தின் இலக்கணத்தை எழுதி வெளியிட்டார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் நெற்றியிலும் அதன் அந்தஸ்தைக் குறிக்க இடம் ஒதுக்கினார்கள். அந்தஸ்தில் எட்டுப் படிகள். கடைசிப் படிக்குச் 'சாதாரணம்' என்று பெயர். அதற்கு மேலே 'முன்னுரிமை', 'உடனடி', 'மின்னல்', 'மின்னலையும் மீறியது' என்று ஏறிக்கொண்டே போகும்.

இந்தப் பெயர்கள் ராணுவத்திலிருந்து வந்தவை. 1960களில் அமெரிக்க ராணுவம் தனக்கென்று 'ஆட்டோவான்' என்ற டெலிபோன் வலை ஒன்றை அமைத்தது. அந்த டெலிபோன்களில் வழக்கமான 12 பொத்தான்களுக்குப் பக்கத்தில் இன்னும் 4 பொத்தான்கள், ஒரு வரிசையாக இருந்தன. அவை அந்தஸ்துப் பொத்தான்கள். லைன் எல்லாம் நிரம்பியிருக்கும்போது மேல் அந்தஸ்துக்காரர் பொத்தானை அழுத்தினால், கீழ் அந்தஸ்துக்காரர் பேசிக்கொண்டிருக்கிற பேச்சு அப்படியே துண்டிக்கப்படும். உச்சப் பொத்தானின் அதிகாரம் ஜனாதிபதி, பாதுகாப்பு மந்திரி, படைத் தலைவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே. அங்கே அது நடந்தது. ஏனென்றால் தோளில் உள்ள பட்டையைப் பார்த்து, உனக்கு இந்தப் பொத்தான் கிடையாது என்று சொல்ல ஒரு மேலதிகாரி இருந்தார்.

இன்டர்நெட்டில் அந்த மேலதிகாரி யார்? பொட்டலத்தின் நெற்றியில் அந்தஸ்தை எழுதுகிறவன் அதை அனுப்புகிறவனே. கட்டணமும் இல்லை, கேட்பாரும் இல்லை. தந்தி ஜன்னலில், "எக்ஸ்பிரஸுக்கும் அதே காசுதான்; உங்கள் இஷ்டம்" என்று குமாஸ்தா சொல்லியிருந்தால், உலகத்தில் ஆர்டினரி தந்தி என்று ஒன்று இருந்திருக்குமா? தனக்குத் தானே நற்சாட்சிப் பத்திரம் எழுதிக்கொள்கிற ஏற்பாடு இது. ஆகையால் சந்திகளில் நின்ற பெரும்பாலான யந்திரங்கள் அந்த நெற்றி எழுத்தைப் படிக்கவே இல்லை.

*

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் மேடைக்கு வருகிறார். டேவிட் மில்ஸ் என்று பெயர். 1938இல் பிறந்தவர். பிறவியிலேயே கண்ணில் நீர் அழுத்த நோய். மங்கலான பார்வையோடு படித்து, பேராசிரியராகி, பின்னாளில் பார்வையை முழுவதும் இழந்து, 2024 ஜனவரியில் காலமானார். உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் ஒரே மணி காட்டுவதற்கான ஏற்பாட்டைச் செய்தவர் இவரே.

இவர் ஒரு சிறு கம்ப்யூட்டரைக் கொண்டு சந்தி யந்திரம் ஒன்று செய்தார். அதற்கு 'பஸ்பால்' என்று செல்லப் பெயர். பஞ்சு உருண்டை என்று வைத்துக்கொள்ளலாமே. 1986இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம், நாட்டின் வெவ்வேறு மூலைகளில் இருந்த 6 பெரிய கம்ப்யூட்டர் நிலையங்களை இணைத்து என்.எஸ்.எப்.நெட் என்ற வலையை ஆரம்பித்தபோது, சந்திகளில் காவலுக்கு நின்றவை இந்தப் பஞ்சு உருண்டைகளே.

லைனின் வேகம் நொடிக்கு 56,000 பிட். இன்றைய கணக்கில் அது நத்தை. வலை திறந்த கொஞ்ச நாட்களிலேயே பல்கலைக்கழகங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. கியூ நீண்டது. அந்தக் கியூவில் இரண்டு ஜாதிப் பிரயாணிகள் இருந்தார்கள். ஒரு ஜாதி, பெரிய பெரிய தஸ்தாவேஜுகள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மூட்டை மூட்டையாகப் போகிறவை. மற்றொரு ஜாதி, விசைப்பலகையின் முன்னால் உட்கார்ந்து, தூரத்துக் கம்ப்யூட்டரில் நேரடியாக வேலை செய்கிற மனிதர்களின் எழுத்துக்கள். 'டெல்நெட்' என்று அதற்குப் பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் 'அ' என்று தட்டினால் அது உங்கள் திரையில் உடனே விழாது. தூரத்துக் கம்ப்யூட்டருக்குப் போய், அது திருப்பி அனுப்பிய பிறகுதான் விழும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒற்றை எழுத்தைச் சுமந்த பொட்டலம், விலாசத் தலைப்போடு சேர்த்து 41 பைட். அந்த லைனில் ஏற அதற்கு 6 மில்லி நொடி போதும். தஸ்தாவேஜுப் பொட்டலம் ஒன்று 576 பைட் என்றால், அதற்கு 82 மில்லி நொடி. முன்னால் அப்படிப்பட்ட மூட்டைகள் பத்து நின்றால், ஒற்றை எழுத்து முக்கால் நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு சந்தியில் மட்டும்! வழியில் மூன்று சந்தி, திரும்பி வரும்போது மூன்று சந்தி. தட்டுகிறவர் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒன்றும் வராது. மறுபடியும் தட்டுவார். பலசரக்குக் கடைப் பையன் ஞாபகம் வருகிறதல்லவா?

மில்ஸும் அவரோடு இருந்தவர்களும் ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் உள் விலாசத்திலும் அது எந்த வேலைக்காகப் போகிறது என்று காட்டுகிற ஓர் எண் உண்டு. டெல்நெட்டுக்கு எண் 23. அந்த எண்ணைப் பார்த்தால் முந்த விடு என்று பஞ்சு உருண்டைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். மூட்டைகளுக்கு அதனால் அதிக நஷ்டம் இல்லை. இரண்டரை நிமிஷத்தில் போக வேண்டிய தஸ்தாவேஜு இன்னும் சில நொடி தாமதித்துப் போனால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் விசைப்பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதருக்கு உயிர் வந்தது. இன்னொன்றும் செய்தார்கள். இடம் போதாமல் ஏதாவது பொட்டலத்தைத் தூக்கி எறிய வேண்டி வந்தால், கியூவில் யாருடைய பொட்டலங்கள் அதிகமாக நிற்கின்றனவோ, அவருடையதை எறிந்தார்கள்.

இந்த முன்னுரிமையை அவர்கள் தண்டோராப் போட்டுச் சொல்லவில்லை. அப்போதைக்கு ரகசியமாகவே வைத்திருந்தார்கள். காரணம் ஊகிக்கக் கூடியதே. சொன்னால் மறுநாள் மூட்டைக்காரர்கள் எல்லாரும் தங்கள் மூட்டைகளுக்கு 23ஆம் எண்ணை ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்று யோசித்திருக்கிறேன். அவர்கள் செய்தது நல்ல காரியம். செய்தவர்கள் நல்லவர்கள். தங்கள் சொந்தச் செய்திக்காகச் செய்யவில்லை. ஆனாலும் தினமும் அந்தச் சாலையில் போய் வந்தவர்களுக்குத் தெரியாமல், யார் முன்னே யார் பின்னே என்று வாசலில் நின்ற ஒருவர் தீர்மானித்தார். தெரிந்தால் கெட்டுவிடும் தர்மம் எத்தனை நாள் நிற்கும்? வாசலில் நின்றவர் மில்ஸ் என்பதனால் பிழைத்தோம். வேறு ஒருவர் நின்றிருந்தால்?

1988 ஜூலையில் அந்த லைன்களின் வேகம் ஏறத்தாழ 27 மடங்கு ஆயிற்று. பஞ்சு உருண்டைகள் விடைபெற்றன. கேள்வி விடைபெறவில்லை.

*

அதே 1986 அக்டோபரில் இன்னொரு சம்பவம் நடந்தது. கலிபோர்னியாவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்துக்கும் லாரன்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் நடுவே தூரம் 400 கஜம்தான். இரண்டுக்கும் இடையே செய்தி போகிற வேகம், நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. அதாவது நொடிக்கு ஐந்து எழுத்து. பழைய தந்தி ஆபீஸ் டெலிபிரிண்டர் கூட இதைவிட வேகமாக அடிக்கும்! ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்திருக்கலாம்.

அந்தக் கூடத்தில் இருந்த வான் ஜேக்கப்ஸன் காரணத்தைத் தேடினார். பொட்டலம் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வராவிட்டால், அனுப்பியவர் மறுபடியும் அனுப்புவார். நெரிசலினால்தான் பதில் வரவில்லை. மறுபடியும் அனுப்பினால் நெரிசல் கூடும். கூடினால் பதில் இன்னும் வராது. எல்லாரும் உரக்கப் பேசுகிற கல்யாண வீட்டில், காது கேட்கவில்லை என்று ஒவ்வொருவரும் இன்னும் உரக்கப் பேசினால் என்ன ஆகும்? அனுப்புகிறவரே முதலில் மெதுவாக ஆரம்பித்து, வழி இருப்பது தெரியத் தெரிய வேகத்தைக் கூட்டி, நெரிசல் தெரிந்தால் உடனே அடங்கிப் போக வேண்டும் என்று ஜேக்கப்ஸன் வகுத்த முறையை 1988இல் வெளியிட்டார். இன்டர்நெட் இன்று வரை உயிரோடு இருப்பதற்கு இந்த அடக்கம் ஒரு காரணம்.

ஆனால் ஒருவன் அடங்க மறுத்தால்? இந்தக் கேள்வியை ஜேக்கப்ஸனுக்கு முன்பே கேட்டவர் ஜான் நேகிள். இந்த நெரிசல் வீழ்ச்சி வரும் என்று 1984இலேயே எச்சரித்தவர். 1985 டிசம்பரில் அவர் இன்னொரு குறிப்பு எழுதினார். சந்தி யந்திரத்துக்கு முடிவில்லாத ஞாபக சக்தி கொடுத்தாலும் பயன் இல்லை என்று அதில் காட்டினார். கியூ நீளும், நின்று நின்று பொட்டலங்களின் ஆயுள் முடியும், கடைசியில் செத்த பொட்டலங்களையே அனுப்பிக்கொண்டிருப்போம். பிறகு தன் யோசனையைச் சொன்னார். ஒரே கியூ வேண்டாம். அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கியூ வையுங்கள். யந்திரம் சுற்றி வந்து ஒவ்வொரு கியூவிலிருந்தும் ஒரு பொட்டலம் எடுக்கட்டும். பந்தியில் பரிமாறுகிறவர் இலைக்கு ஒரு கரண்டி போட்டுக்கொண்டே போகிற மாதிரி. நூறு பொட்டலத்தைக் குவித்தவன் தன்னுடைய கியூவையே நீட்டிக்கொள்கிறான்; பக்கத்து இலைக்காரருக்கு அதனால் குறைவில்லை.

பாருங்கள், எவ்வளவு பெரிய மாறுதல்! அந்தஸ்து கேட்கவில்லை. கட்டணம் கேட்கவில்லை. வாசலில் நிற்பவர் யாருடைய நெற்றியையும் பார்க்கவில்லை. ரகசியமாக வைத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்தாலும், தெரிந்து கொண்டு ஏமாற்ற வழி குறைவு. பேராசைக்காரன் அதிகம் அனுப்பினால் அவனுக்கே தாமதம்.

இதில் ஒரு குறை இருந்தது. பெரிய பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறவனுக்குக் கரண்டி பெரிதாகிவிடும். 1989இல் டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் என்ற மூவர் பொட்டலத்தை எண்ணாமல் பிட்டை எண்ணி இதைச் சீர் செய்தார்கள். கணக்கு சரி, ஆனால் யந்திரத்துக்கு வேலை அதிகம். 1995இல் ஸ்ரீதர், ஜார்ஜ் வர்கீஸ் என்ற இருவர் அதைச் சுலபமாக்கினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவர் கணக்கிலும் இத்தனை பைட் என்று வரவு வை. அதற்குள் அடங்குகிற பொட்டலங்களை அனுப்பு. மீதியை அடுத்த சுற்றுக்குக் கொண்டு போ. நம் மளிகைக் கடைப் பற்று வரவு நோட்டுப் புத்தகம்தான், வேறொன்றும் இல்லை.

*

அந்தஸ்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1998 டிசம்பரில் பொட்டலத்தின் நெற்றியில் இருந்த பழைய எழுத்தை அழித்துப் புது இலக்கணம் எழுதினார்கள். இந்தத் தடவை புத்தியாக ஒரு காவல் வைத்தார்கள். வலையின் எல்லையிலேயே பொட்டலத்தைச் சோதித்து முத்திரை இட வேண்டும். வெளியிலிருந்து வருகிற முத்திரையை நம்ப வேண்டியதில்லை. ஒரு கம்பெனிக்குள், ஓர் ஆஸ்பத்திரிக்குள், டெலிபோன் பேச்சை முந்த விடுவதற்கு இது நன்றாகவே பயன்படுகிறது. எல்லை தாண்டினால் முத்திரைக்கு மதிப்பில்லை. அடுத்த ஊரில் செல்லாத ஜமீன் பட்டம் போல.

2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற நிபுணர் தம் வீட்டு இன்டர்நெட் ஏன் இப்படித் திணறுகிறது என்று தோண்டிப் பார்த்தார். ஞாபக சக்தி மலிந்துவிட்டதால், செய்தவர்கள் பெட்டிகளில் அதை வாரி இறைத்திருந்தார்கள். பொட்டலத்தை எறிய மனமில்லாமல் பெட்டி கியூவை நீட்டிக்கொண்டே போயிற்று. 25 வருஷத்துக்கு முன் நேகிள் சொன்னது வீட்டுக்கு வீடு பலித்துவிட்டது! 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும், அதே வான் ஜேக்கப்ஸனும் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். கியூவின் நீளத்தைப் பார்க்காதே. அதில் நிற்கிற நேரத்தைப் பார். விடாமல் நேரம் மிஞ்சிக்கொண்டே போனால் ஒன்றிரண்டு பொட்டலங்களை எறி; அனுப்புகிறவன் குறிப்பறிந்து அடங்குவான் என்பது அந்த மருந்து. இதோடு பற்று வரவு முறையையும் சேர்த்து, அதே வருஷம் ஒரு கூட்டு மருந்து தயாராயிற்று. அதில் புதிதாக வந்த சிறு செய்திக்கு முதல் சுற்று உண்டு. விடாமல் குவித்துக்கொண்டே இருந்தால் பொதுச் சுற்றில் போய் நிற்க வேண்டும்.

இதை வைத்திருக்கிற பெட்டியில் பாட்டியின் குரலுக்கு யாரும் முத்திரை இடவில்லை. குரல் கொஞ்சம் கொஞ்சமாக, சிறு சிறு பொட்டலமாக வருகிறது. அந்த நடத்தையே அதற்குச் சீட்டு. சினிமாவும் நிற்கவில்லை, தன் பங்கை வாங்கிக்கொண்டு ஓடுகிறது. லைன்கள் இரண்டு இருந்தால், ஒரு பேச்சின் பொட்டலங்கள் எல்லாவற்றையும் ஒரே லைனில் அனுப்பி, அடுத்த பேச்சை அடுத்த லைனுக்கு விடுவது வழக்கம். ஒரே பேச்சை இரண்டாகப் பிரித்தால் வரிசை குலையும். குலைந்ததைக் கண்டு நடுவே ஏதோ காணாமல் போய்விட்டது என்று மறுமுனை பதறும்.

முறை வைத்துக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வைத்தியர் ஒருவர், உயிருக்குப் போராடுகிற நோயாளியின் பெரிய படம் ஒன்றை அவசரமாக அனுப்ப வேண்டும் என்றால், பெட்டிக்கு அது இன்னொரு மூட்டைதான். அந்த அவசரத்தை அறிய மனிதன் வேண்டும். அப்போது முத்திரை வேண்டும். முத்திரையைச் சோதிக்கிற, பலர் அறியச் சோதிக்கிற, அதிகாரியும் வேண்டும். நம் நாட்டிலும், பார்க்கிற விஷயத்தைப் பொறுத்துக் கட்டணத்தைக் கூட்டியோ குறைத்தோ வசூலிக்கக் கூடாது என்று டெலிகாம் ஒழுங்காணையம் 2016 பிப்ரவரி 8ஆம் தேதி உத்தரவு போட்டது. தந்தி ஜன்னலில் குமாஸ்தா கேட்ட கேள்வியின் எதிரொலிதான் அதுவும்.

அந்த ஜன்னலில் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டு நின்றவரை நான் மறக்கவில்லை. அவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது நாலைந்து வார்த்தை. "அப்பா கவலைக்கிடம் உடனே வா." அவருக்கு முன்னால் வியாபாரி ஒருவர் நூறு வார்த்தைக்குச் சந்தை நிலவரத்தை எக்ஸ்பிரஸில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். நேகிளின் முறை அந்தக் கம்பியில் இருந்திருந்தால், வியாபாரிக்கு ஒரு கரண்டி, இவருக்கு ஒரு கரண்டி. ஒரே சுற்றில் இவருடைய செய்தி முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கும். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. வியாபாரிக்கும் தாமதம் நாலைந்து வார்த்தை நேரம்தான்.

பிள்ளை கடைசி ரெயிலைப் பிடித்திருப்பான்.